மீட்டர் எண்ணாத மணிநேரங்கள்

ஒரு மனிதர் தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தார். தவறாகச் செய்தார் என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுதும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும். அந்தக் கையெழுத்தால் அவருக்கு வேலை போயிற்று. எனக்குப் பதவி உயர்வு வந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு இனி வயதில்லை.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. வண்டியூரைத் தாண்டி, பஸ்ஸுக்கும் லாரிக்கும் ஷாக் அப்சார்பர் செய்யும் ஒரு தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் நான் இன்ஜினியர். மதுரைக்கு மேற்கே கிணற்றுப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் போட்ட குடும்பத்திலிருந்து இன்ஜினியரிங் படித்த முதல் ஆள். எங்கள் தொழிற்சாலைக்கு ஹெலிகாப்டர் பாகம் செய்யும் வாய்ப்பு வந்தபோது, நான் ஹெலிகாப்டரே செய்வதாக ஊரில் பேசிக்கொண்டார்கள். நானும் திருத்தவில்லை.

அந்தப் பாகத்தின் பெயர் டேம்பர். ஹெலிகாப்டரின் தலைக்கு மேல் சுழலும் இறக்கைகள் அச்சில் அசையாமல் அறையப்பட்டவை அல்ல. சில வகைகளில் ஒவ்வொரு இறக்கையும் அடிப்பகுதியில் ஒரு கீலில் பூட்டப்பட்டிருக்கும். கதவைப் போல முன்னும் பின்னும் கொஞ்சம் ஆடும். ஆட விடவும் வேண்டும், அடக்கவும் வேண்டும். அடக்காவிட்டால் வண்டி தரையில் நிற்கும்போதே இறக்கைகளின் ஆட்டமும் அடியில் இருக்கும் கால்களின் ஆட்டமும் ஒன்றுக்கொன்று ஏற்றிவிட்டுக்கொண்டு, சில நொடிகளில் எந்திரம் தன்னைத்தானே உதறிப் பிய்த்துக்கொள்ளும். அதற்காகத்தான் ஒவ்வொரு இறக்கைக்கும் ஒரு டேம்பர். முழங்கை நீளத்துக்கு ஓர் உருளை, உள்ளே கெட்டியான சிலிக்கோன் எண்ணெய், அதற்குள் சிறு துளை போட்ட ஒரு பிஸ்டன். இறக்கை ஆடும்போது எண்ணெய் அந்தத் துளை வழியாக நெருக்கியடித்துப் போய்வரும். ஆட்டம் அதில் செலவழிந்து சூடாக மாறிவிடும். பஸ்ஸின் ஷாக் அப்சார்பரும் இதே வேலையைத்தான் செய்கிறது. அதனால்தான் எங்களைத் தேடி வந்தார்கள்.

வந்தவர்கள் பயிருக்கு மருந்தடிக்கும் ஹெலிகாப்டர்களைப் பராமரிக்கும் ஒரு வடநாட்டு கம்பெனிக்காரர்கள். வெளிநாட்டு டேம்பர் வரவழைக்க அந்தக் காலத்தில் லைசென்ஸுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதுவரை ஹெலிகாப்டர் கூரைக்கடியில் கிடக்கும். மாதிரிக்கு நான்கு செய்து, ஒன்றைச் சோதனை மேடையில் இருநூறு மணிநேரம் நிறுத்தாமல் ஆட்டிக் காட்டினால் வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள்.

எண்ணெய் நிரப்பும் வேலை ஒரு ஃபிட்டரிடம் இருந்தது. கிட்டத்தட்ட என் வயதுதான். சோழவந்தான் பக்கம் ஒரு கிராமம். அவருடைய அப்பா என் தாய்மாமன் வயலில் கூலிக்கு உழுதவர். இது எங்கள் இருவருக்கும் தெரியும். ஒரு நாளும் பேசியதில்லை. இப்போது அவரை ‘அவர்’ என்று எழுதுகிறேன். அப்போது என் வாயில் அந்தச் சொல் வந்ததில்லை.

டேம்பருக்குள் ஒரு கடுகளவு காற்று இருந்தாலும் கெட்டது. எண்ணெய் அமுங்காது, காற்று அமுங்கும். பிஸ்டன் முதலில் காற்றை நசுக்கிவிட்டுத்தான் எண்ணெயைத் தள்ளும். அதனால் அவர் எண்ணெய் டின்னை முற்பகலிலேயே வெயிலில் வைத்துவிடுவார். குமிழி எல்லாம் மேலே வந்து உடையட்டும் என்று. பிறகு ஒரு கம்பியை உருளைக்குள் சாய்த்துப் பிடித்து, அதன்மேல் எண்ணெய் வழிந்து இறங்கும்படி ஊற்றுவார். பிஸ்டனோடு சேர்ந்த தண்டை உள்ளங்கையால் இம்மி இம்மியாக அழுத்துவார், மரச்சுத்தியலால் பக்கத்தில் தட்டுவார், காத்திருப்பார். ஒரு டேம்பருக்கு இரண்டு மணிநேரம். அந்த நேரத்தில் யாரும் அவரோடு பேசக்கூடாது. பேசினால் கை அவசரப்படும் என்பார். பஸ் ஷாக் அப்சார்பர் நிரப்பிய ஏழெட்டு வருடத்தில் அவர் நிரப்பியது ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. ஆனாலும் அவர் தற்காலிகத் தொழிலாளிதான். அடுத்த சித்திரையில் நிரந்தரம் செய்யப்போகிறவர்கள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது.

சோதனையை ஆரம்பித்தோம். மோட்டார் டேம்பரின் தண்டை இடைவிடாமல் இழுத்துத் தள்ளும். மணிக்கொரு முறை எவ்வளவு விசை தாங்குகிறது என்று முள்ளைப் பார்த்துக் குறிக்க வேண்டும். குறிப்பதும் அவர்தான். இரவு ஷிஃப்ட்காரர் குறித்துவைத்ததையும் சேர்த்து ஒரு கோடு போட்ட நோட்டில் பென்சிலால் எழுதுவார். நான் அதைப் பார்த்து நல்ல படிவத்தில் மையால் எழுதுவேன்.

அந்த வருடங்களில் மின்வெட்டு எங்களுக்குச் சாப்பாட்டு நேரம் மாதிரி. ஒரு வாரம் காலையில் போகும், ஒரு வாரம் மத்தியானம் போகும், சொல்லாமலும் போகும். ஜெனரேட்டர் ரப்பர் பாகங்கள் வார்க்கும் அச்சுக்கு மட்டும்தான். நடுவில் நின்றால் ரப்பர் பாழாகிவிடும். சோதனை மேடை நின்றால் நிற்கட்டும் என்று விட்டிருந்தோம். கரண்டு போனால் எல்லோரும் வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்விடுவோம், வந்தால் திரும்பி வருவோம். மோட்டாரோடு இணைத்திருந்த மணி மீட்டர் மோட்டார் ஓடும்போது மட்டுமே ஓடும். ஆகவே மீட்டர் இருநூறு காட்டினால் இருநூறு. “நிறுத்தாமல்” என்று கடிதத்தில் இருந்ததை ஒருவரும் மின்வெட்டோடு சேர்த்து யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. நாங்களாக நிறுத்தவில்லையே. அதுவரைக்கும் அது பொய் அல்ல, வெறும் பழக்கம்.

மீட்டர் நூற்றைம்பதைத் தாண்டியிருந்த ஒரு நாள், ஃபிட்டர் என் மேஜைக்கு வந்து நின்றார்.

“சார், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே.”

“சொல்லு.”

“கரண்டு போறதுனாலதான் சார் இது பொழச்சுக் கெடக்கு. ஓட ஓட முறுக்கு விட்டுப்போகுது. நின்னு ஆறுனப்பறம் பழையபடி ஆகிருது. நிக்காம ஓட்டுனா தாங்காது சார்.”

“எப்படிச் சொல்ற?”

“தண்டப் புடிச்சுப் பாத்தாத் தெரியுது. நோட்டுலயும் எழுதியிருக்கேன்.”

அவர்கள் கேட்டது இருநூறு மணிநேரம், அதை ஓட்டிக் காட்டுவது என் பொறுப்பு, நிரப்புகிற வேலையை மட்டும் அவர் பார்த்தால் போதும் என்று சொல்லி அனுப்பினேன். அவர் நோட்டை மட்டும் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

அன்று மாலை ஷிஃப்ட் மணி அடித்தபின் உட்கார்ந்து அந்த எண்களை வரைபடத் தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தேன். ரம்பத்தின் பல் போல வந்தது. ஓட ஓட விசை இறங்குகிறது. ‘கரண்டு போச்சு’ என்று அவர் எழுதியிருந்த இடத்தில் கோடு நின்று, ‘வந்துச்சு’ என்ற இடத்தில் பழைய உயரத்தில் மறுபடி தொடங்குகிறது. ஒவ்வொரு முறையும் அப்படித்தான். காரணமும் எனக்கு உடனே விளங்கிவிட்டது. தண்டு உள்ளே வெளியே போகும்போது தன்னைச் சுற்றியிருக்கும் ரப்பர் சீலைத் தாண்டிக் கொஞ்சம் காற்றை இழுத்துக்கொள்கிறது. சூடேறி இளகிய எண்ணெயோடு அந்தக் காற்று கடைபட்டு நுரைக்கிறது. நின்று ஆறினால் குமிழிகள் உருளைக்கு மேலே உபரி எண்ணெய்க்காக வைத்த சிறு கிண்ணத்துக்கு ஏறிவிடுகின்றன, எண்ணெய் தெளிகிறது. அந்தக் கிண்ணத்தின் அளவைத் தீர்மானித்து வரைந்தவன் நான். சிறியதாக வரைந்துவிட்டேன்.

மறுநாள் நான் மேலாளரிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. வாங்குபவர்கள் வரும் தேதி குறித்தாயிற்று. உருளைகளை மறுபடி வார்க்க வேண்டும் என்று சொன்னால், முதலில் என் வரைபடம்தான் மேஜைக்கு வரும். மீட்டர் இருநூறைக் காட்டியதும், மின்வெட்டு ஒன்றைக்கூடக் குறிப்பிடாமல் நல்ல படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டேன். பென்சில் நோட்டை மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

வாங்குபவர்களின் ஊரில் சோதனைக் கூடத்துக்குத் தனி மின்சாரம். மீதி மூன்று டேம்பர்களை அவர்கள் நிற்காமல் ஓட்டினார்கள். முதல் மணிநேரங்களில் நாங்கள் சொன்ன விசை அப்படியே இருந்தது. இரண்டாம் நாள் பாதியாகிவிட்டது. மூன்றும் ஒரே மாதிரி. நல்லவேளை, எதையும் ஹெலிகாப்டரில் பூட்டிப் பார்க்கும் அளவுக்குப் போகவில்லை. கடிதம் வந்தது.

மேலாளர் என்னைக் கூப்பிட்டார். முதலாளிகளில் ஒருவரும் அந்த அறையில் இருந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். நிரப்பும்போது காற்றை விட்டிருப்பான் என்று சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை, கேள்வி முடிவதற்குள் வாயில் வந்துவிட்டது. யோசித்தது எழுதும்போதுதான். இரண்டு பக்கம், கவனமாக, படத்தோடு எழுதினேன். காற்று விடப்பட்ட டேம்பர் எப்படி நடந்துகொள்ளும் என்று விளக்கினேன். விளக்கம் முழுவதும் சரி. எங்கள் டேம்பரைப் பற்றியது மட்டும் இல்லை.

விசாரணை ஒரு மத்தியானம் நடந்தது. மேலாளரும் கணக்குப் பிரிவுக்காரரும் நானும் உட்கார்ந்திருந்தோம், ஃபிட்டர் நின்றார். நிற்காமல் ஓட்டினால் தாங்காது என்று முன்பே சொன்னேன், நோட்டில் இருக்கிறது என்றார். அப்படி ஒரு நோட்டு இருக்கிறதா என்று மேலாளர் என்னைக் கேட்டார்.

நான் படிவத்தை முன்னால் தள்ளி, பதிவு இதுதான் என்றேன்.

ஃபிட்டர் என்னைப் பார்த்தார். “நோட்ட நீங்கதான சார் வாங்கி வச்சீங்க?”

“இல்லை.”

அவர் சத்தம் போடவில்லை. என்னைத் திட்டவில்லை. “சரிங்க சார்” என்று மட்டும் சொன்னார். எனக்கு அவர் சொன்ன கடைசி ‘சரிங்க சார்’ அது. அவர் வெளியே போனதும், அந்த ஆட்களுக்கெல்லாம் பொறுப்பு எங்கேயிருந்து வரும் என்று கணக்குப் பிரிவுக்காரர் சொன்னார். எந்த ஆட்கள் என்று விளக்க வேண்டிய தேவை அந்த அறையில் இருக்கவில்லை. நான் தலையாட்டினேன். நான் சொன்னதை அவர்கள் நம்பியதற்கு என் படிப்பு பாதிக் காரணம். மீதிப் பாதி இதுதான். இதை அப்போதே அறிந்துதான் தலையாட்டினேன்.

அவரை வேலையிலிருந்து நீக்கிய மறு வாரம் நான் புதிய வரைபடம் போட்டேன். கிண்ணத்தைப் பெரிதாக்கி, அதில் ஒரு சிறு ஸ்பிரிங்கை வைத்து எண்ணெய் எப்போதும் கொஞ்சம் அழுத்தத்தில் இருக்கும்படி செய்தேன். ஜெனரேட்டரில் ஓட்டினோம். இருநூறு மணிநேரமும் கோடு நேராக ஓடியது. அவர் கண்டுபிடித்ததை வைத்தே அவர் பெயரில் எழுதிய குறையைத் தீர்த்தேன். ஆர்டர் வந்தது. சோதனைப் பிரிவுத் தலைவன் ஆனேன். வீட்டில் பாயசம் வைத்தார்கள்.

அவர் சிம்மக்கல் பக்கம் ஷாக் அப்சார்பர் பழுதுபார்க்கும் கடைகளில் வேலை கேட்டுப் போனதாகக் கேள்விப்பட்டேன். அவருக்கு முன்னால் பேச்சு போய்ச் சேர்ந்துவிட்டது. மதுரையில் இந்தத் தொழில் இரண்டு தெருவுக்குள் அடக்கம். ‘காத்துக்காரர்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு கடைக்காரர், “வாங்கண்ணே, டயருக்குக் காத்தடிக்க ஆள் வேணும், ஒங்களவிட யாரு இருக்கா” என்றாராம். இதை எங்கள் கேன்டீனில் சொல்லிச் சிரித்தார்கள். நானும் டம்ளரை வைத்துக்கொண்டு அங்கேதான் இருந்தேன்.

பிறகு ஆண்டுதோறும் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு ஒரு வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். தரம் பற்றிய வகுப்பு. அதில் ஓர் உதாரணம்: நிரப்பும்போது காற்றை விட்டதால் வந்த தோல்வி. நான் எழுதிய அறிக்கையே பாடமாகிவிட்டது. ஏழு வருடம் அதைக் கரும்பலகையில் படம் போட்டுச் சொல்லிக்கொடுத்தேன். முதல் வருடம் நாக்கு தடுமாறியது. மூன்றாம் வருடம் தடுமாறவில்லை. என்னைப் பற்றி நான் சொல்லக்கூடியதில் மோசமானது இதுதான் என்று நினைக்கிறேன்.

எட்டாம் வருடம், டிப்ளமோ முடித்து ஆய்வகத்துக்கு வந்திருந்த ஒரு பெண் எழுந்து கேட்டாள். காற்றை நிரப்பும்போதே விட்டிருந்தால் முதல் மணிநேரத்திலேயே விசை குறைந்து காட்டியிருக்குமே, இங்கே முதல் சில மணிநேரம் சரியாக இருந்திருக்கிறதே, அப்படியானால் காற்று பிற்பாடுதானே உள்ளே போயிருக்க வேண்டும் என்றாள். சந்தேகமாகத்தான் கேட்டாள், குற்றமாக அல்ல. எட்டு ஆண்டில் அந்தக் கேள்வியை ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய முதல் ஆள் விசாரணை மேஜையில் உட்கார்ந்திருந்த நான்.

வகுப்பை அதோடு முடித்தேன். நேராக மேலாளர் அறைக்குப் போனேன். அவர் ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“நீ புது ட்ராயிங் கொண்டுவந்த அன்னைக்கே எனக்குத் தெரியும்யா. ஃபில்லிங்தான் தப்புன்னா கிண்ணத்த எதுக்கு மாத்துற?”

“அப்ப ஏன் சார் கேக்கல?”

“கேட்டா நீ சொல்லிருவியே.”

அவர் வேறு மாதிரி மனிதர் என்று அதுவரை நினைத்திருந்தேன். என் மாதிரி மனிதர்தான். பழைய அறிக்கையைத் தொட வேண்டாம், வாங்குபவர்கள் கையில் அதன் நகல் இருக்கிறது, கிளறினால் ஆர்டருக்கு ஆபத்து என்றார். வேண்டுமானால் அவனைப் புது ஆளாகச் சேர்த்துக்கொள்ளலாம், மனு எழுதிக் கொடுக்கச் சொல் என்றார். நான் அந்த அளவுக்கே நிம்மதியடைந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சோழவந்தான் பஸ் ஏறினேன்.

ஃபிட்டர் ஒரு கொடிக்காலில் கூலிக்கு வெற்றிலைக் கொடி கட்டிக்கொண்டிருந்தார். வரிசையாக நின்ற அகத்திக்கு நடுவே, ஏணியில் நின்று, கொடியைச் சாய்த்து நாரால் முடிந்துகொண்டிருந்தார். நான் வந்ததைப் பார்த்தும் அந்த வரிசையை முடித்துவிட்டுத்தான் இறங்கினார். அவர் மனைவி கீழே இலை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் யாரென்று அவர் சொல்லாமலே அந்த அம்மாவுக்குத் தெரிந்தது.

“இம்புட்டு வருசம் கழிச்சுத்தான் வழி தெரிஞ்சுச்சாக்கும்” என்றார் அந்த அம்மா, இலையிலிருந்து கண்ணை எடுக்காமல். “மூத்தவ பள்ளிக்கூடத்த விட்டு நின்னு, கல்யாணமாகி, பிள்ளையும் பெத்துட்டா. ஒங்களுக்கு இப்பத்தான் பஸ் கெடச்சிருக்கு.”

நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். நோட்டு என்னிடம்தான் இருந்தது என்றேன். தெரியும் என்பதுபோல் தலையசைத்தார். பிறகு மேலாளர் சொன்னதைச் சொன்னேன். மனு எழுதிக் கொடுத்தால் போதும், சேர்த்துக்கொள்வார்கள்.

“காயிதத்துல எம்பேர்ல எழுதுனத அடிச்சாச்சா?”

“அது... அத இப்பத் தொட முடியாதுங்கிறாங்க.”

“அப்ப எதுக்கு சார் வந்தீங்க?”

அவர் கையிலிருந்த நாரை உதறிக்கொண்டு தொடர்ந்தார். “எங்கப்பா சாகுறவரைக்கும் கேட்டாரு. நெசமா நீ காத்த விட்டியாடான்னு. இல்லப்பான்னு சொன்னேன். படிச்சவரு எழுதியிருக்காரேடான்னாரு. நீங்க எழுதுனத அவரு நம்புனாரு சார். நான் சொன்னத நம்பல.”

திரும்பி வரும் பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

அந்த வாரமே கடிதம் எழுதினேன். மின்வெட்டு, நோட்டு, கிண்ணம், விசாரணையில் நான் சொன்ன ‘இல்லை’, எல்லாம். ஒரு பிரதியை மேலாளரிடம் கொடுத்தேன். அவர் அதைக் கோப்பில் வைக்க மறுத்தார். மற்றொன்றையும் அந்தப் பென்சில் நோட்டையும் ஃபிட்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நோட்டை எரிக்காமல் வைத்திருந்ததை நல்ல குணம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எரிக்கத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான். அவர் அவற்றை எடுத்துக்கொண்டு தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனார்.

நான் சாட்சி சொல்லப் போகிறேன் என்று தெரிந்ததும் என் தாய்மாமன் வீட்டுக்கு வந்தார். அவர் கோபக்காரர் அல்ல, புரியாமல்தான் கேட்டார்.

“நீ தப்புப் பண்ணிட்ட, சரி. கோயிலுக்குச் செய், எதையாச்சும் செய். அவன் ஒருத்தனுக்காக ஆபீசருக முன்னால போயி நின்னு நான் பொய்யன்னு சொல்லணுமா மாப்ள? நாளைக்கு அவன் நம்ம தெருவுல வந்தா மொகத்த எங்க வைப்ப?”

அவன் வரமாட்டான், நம் தெருவில் அவர்களை நாம் நடக்க விட்டதில்லையே மாமா என்றேன். அவர் காப்பியைக் குடிக்காமல் எழுந்து போனார். பிறகு சாகும்வரை என் வீட்டுப் படி ஏறவில்லை.

தொழிலாளர் அலுவலகத்தில் கம்பெனி வக்கீல் என்னை ஒரே ஒரு கேள்விதான் உருப்படியாகக் கேட்டார். அன்று எழுதியது பொய்யா, இன்று சொல்வது பொய்யா? அன்று எழுதியது என்றேன். அப்படியானால் பொய் எழுதுகிறவர் சொல்வதை இவர்கள் எப்படி எடுத்துக்கொள்வது என்றார். அதிகாரி பென்சில் நோட்டைத்தான் எடுத்துக்கொண்டார். என் வார்த்தையைவிட அந்தப் பென்சில் எழுத்துக்கு மதிப்பு இருந்தது, இருந்திருக்கவும் வேண்டும்.

இரண்டு வருடம் இழுத்தது. கடைசியில் கம்பெனி சமரசத்துக்கு வந்தது. ஃபிட்டரைப் பழைய வேலையிலேயே, நிரந்தரமாக, எடுத்துக்கொண்டார்கள். பழைய அறிக்கையின் மேல் ஒரு வரி எழுதி ஒட்டினார்கள்: குறை நிரப்பியவருடையது அல்ல. யாருடையது என்று எழுதவில்லை. என்னைத் தலைவர் நாற்காலியிலிருந்து இறக்கி, டேம்பர் நிரப்பும் பகுதிக்கு மேற்பார்வையாளனாகப் போட்டார்கள். தண்டனை என்று சொல்லவில்லை. கேள்வி கேட்ட அந்தப் பெண் பின்னாளில் என் பழைய இடத்துக்கு வந்தாள். அது ஒன்றுதான் இதில் முறையாக நடந்தது.

அவர் திரும்பி வந்த முதல் நாள், அவரே ஒரு தடித்த அட்டை நோட்டு வாங்கி வந்திருந்தார். டேம்பரைப் பிடிப்பில் பூட்டினார். எண்ணெய் டின்னை வெயிலிலிருந்து எடுத்து வந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, பக்கத்தில் நிற்கச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன். “பாக்க” என்றார்.

இரண்டு மணிநேரம் நின்று பார்த்தேன். முடிந்ததும் நோட்டை நீட்டினார். டேம்பர் எண், நேரம், காற்று இல்லை என்ற வரி எல்லாம் அவர் எழுதியிருந்தார். கையெழுத்துப் போட வேண்டியது நான். போட்டேன். மறுநாளும் அப்படியே. அடுத்த வாரமும். விதிமுறையில் அப்படி எதுவும் இல்லை, நான் மறுத்திருக்கலாம். சில மாதம் கழித்து ஒரு நாள் கால் வலித்தது. இனி நான் நிற்க வேண்டியதில்லை, எனக்கு நம்பிக்கை இருக்கிறது என்றேன்.

“ஒங்களுக்கு எம்மேல இருக்கு சார்” என்றார், தண்டிலிருந்து கையை எடுக்காமல். “எனக்கு ஒங்க மேல இல்ல.”

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. ஓய்வு பெறும்வரை ஐந்து வருடம் நின்றேன். அந்த ஐந்து வருடத்தில் அவர் என்னிடம் சாப்பிட்டாயிற்றா என்றுகூடக் கேட்டதில்லை. நானும் அவர் வீட்டு நலம் கேட்கத் துணியவில்லை. எண்ணெய் இறங்கும், குமிழி ஏறும், இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருப்போம். அவ்வளவு நேரம் அவ்வளவு பக்கத்தில் நான் வேறு யாரோடும் இருந்ததில்லை, என் மனைவியையும் சேர்த்து.

என் கடைசி வேலை நாளன்று மாலை போட்டு வழியனுப்ப ஹாலில் எல்லோரும் கூடினார்கள். அன்று காலையில் ஒரு டேம்பர் நிரப்ப வேண்டியிருந்தது. நின்றேன். கையெழுத்துப் போட்டேன். அவர் நோட்டை வாங்கி, தேதி சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். நான் போயிட்டு வாரேன் என்றேன். அவர் அடுத்த டேம்பரைப் பிடிப்பில் பூட்டிக்கொண்டிருந்தார். அதை முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். நாளைக்கு இந்த இடத்தில் யார் நிற்பார்கள் என்று கேட்டார். தெரியாது என்றேன். வருபவரிடம் நானே சொல்லிவிட்டுப் போக வேண்டும், எதற்காக நிற்க வேண்டும் என்பதையும் சேர்த்து, என்றார்.

புதிய மேற்பார்வையாளர் என்னைவிட இருபது வயது இளையவர். அவரைத் தனியாக அழைத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். மாலை போட்டுக்கொள்ள ஹாலுக்குப் போகத் தாமதமாகிவிட்டது.